கேஸ் நிரப்பிய பிறகு கிளம்ப மறுத்த மின்கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருச்சியைச் சேர்ந்த ஒருவரின் மின்சார எஸ்யூவி, கத்திரி வெயில் முடிகிற சமயத்தில், இழுவை வண்டியில் ஏற்றப்பட்டு எங்கள் பணிமனைக்கு வந்தது. ஏசியைப் போடாத வரையில் கார் ஒழுங்காக ஓடியிருக்கிறது. ஏசி பொத்தானை அழுத்திய சில நொடிகளில் உயர் மின்னழுத்த அமைப்பில் பழுது என்ற சிவப்பு எச்சரிக்கை திரையில் வந்தது. அதன் பிறகு வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்ப முயன்றால் ‘ரெடி’ விளக்கு எரியவில்லை. பேட்டரி போய்விட்டது என்ற முடிவுக்கு உரிமையாளர் ஏற்கெனவே வந்திருந்தார். மின்காரில் எந்தச் சிவப்பு விளக்கு எரிந்தாலும் முதலில் பேட்டரியின் மேல் பழி விழுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்தக் காரின் பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. சில வாரங்களுக்கு முன் ஏசிக்குக் கேஸ் நிரப்பியபோது கூடவே உள்ளே போன எண்ணெய்தான் காரை நிறுத்தியது.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கார் ஏசி வேலை செய்பவர்களில் பலர், இன்ஜின் பெல்ட்டால் ஓடும் கம்ப்ரசரில் (ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) பல ஆண்டுகள் பழகிய கையோடுதான் இன்று மின்காரின் பானெட்டையும் திறக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி இங்கேயும் பயன்படும். பயன்படாத பகுதி எது என்பதை இந்தக் கார் தெளிவாகக் காட்டியது.

முன்கதை

உரிமையாளர் வேலை நிமித்தம் அடிக்கடி சென்னைக்குப் போய்வருபவர். வழியில் விழுப்புரம் பக்கம் உள்ள வேகச் சார்ஜரில் காரைச் செருகிவிட்டுச் சாப்பிடுவது அவர் வழக்கம். ஆண்டின் தொடக்கத்தில் கார் முன்னால் லேசாக இடிபட்டு, பம்பரும் அதன் பின்னால் உள்ள தாங்கியும் மாற்றப்பட்டன. அந்த வேலைக்காக, ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து வேகச் சார்ஜிங் மந்தமாகத் தொடங்கியது. முன்பெல்லாம் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஏறிய சார்ஜுக்கு இப்போது முழுச் சாப்பாட்டு நேரமும் போதவில்லை. சார்ஜரில்தான் கோளாறு என்று நினைத்து அவர் வேறு சார்ஜருக்கு மாறிப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. ஏப்ரலில் காருக்குள்ளும் குளிர்ச்சி குறைந்தபோதுதான் ஏசியின் மேல் கவனம் போனது. தெருமுனை ஏசி கடை ஒன்றில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்த்து, “கேஸ் கம்மியா இருக்கு” என்று சொல்லி, சிறிய கேன்களிலிருந்து கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். குளிர்ச்சி திரும்பியது, சார்ஜிங்கும் வேகம் பிடித்தது. சுமார் மூன்று வாரம் கழித்துச் சிவப்பு எச்சரிக்கை வந்தது.

எண்ணெய் எதுவும் ஊற்றினார்களா என்று நாங்கள் கேட்டபோது உரிமையாளர் சொன்ன பதில், நோயின் பெயரைப் பாதி சொல்லிவிட்டது: “நானும் கேட்டேன் சார். கேஸ்லயே கலந்து வருது, தனியா ஊத்த வேண்டியதில்லைனு சொன்னாரு.”

கேஸ் குறைந்தால் சார்ஜ் ஏன் மந்தமாகிறது

பெட்ரோல் காரில் ஏசி என்பது பயணியின் வசதி மட்டுமே. அது நின்றுபோனால் வியர்க்கும். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. நீர்மம் சுற்றிக் குளிர்விக்கப்படும் பேட்டரி உள்ள மின்காரிலோ கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் கேஸ், கண்டென்சரைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, பயணிகளுக்கு வரும் காற்றைக் குளிர்விக்க டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டருக்குப் போகிறது. மற்றொன்று சில்லர் எனப்படும் சிறிய தட்டு அடுக்குக்குப் போய், பேட்டரியைச் சுற்றிவரும் கூலண்ட் நீர்மத்தைக் குளிர்விக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும், திரவ கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் தனி எக்ஸ்பான்ஷன் வால்வு உண்டு. இந்தக் காரில் சில்லர் கிளையை மூடித் திறக்க மின்வால்வு ஒன்றும் இருந்தது.

வேகச் சார்ஜிங்கின்போது பேட்டரியில் கணிசமான வெப்பம் பிறக்கிறது. வெளியே நாற்பது டிகிரியை நெருங்கும் வெயிலில், ரேடியேட்டர் காற்றால் மட்டும் அந்தக் கூலண்ட்டை வெளிவெப்பத்துக்குக் கீழே இறக்கவே முடியாது என்பதால், சில்லர்தான் அப்போது ஒரே வழி. கேஸ் குறைந்து சில்லருக்குப் போதிய திரவம் போய்ச்சேராவிட்டால் பேட்டரி சூடேறும். பேட்டரி மேலாண்மை அமைப்பு, செல்களைக் காப்பாற்றச் சார்ஜரிடம் கேட்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும். ஆகவே கோடையில் வேகச் சார்ஜிங் மந்தமாகும் காரில், சார்ஜரையும் பேட்டரியையும் சந்தேகிப்பதற்கு முன் ஏசி கேஸின் எடையைப் பார்ப்பது மலிவான சோதனை. இந்தக் காரின் உரிமையாளருக்கு மார்ச்சிலேயே அதை யாராவது சொல்லியிருந்தால் செலவு குழாய் இணைப்பை அடைக்கும் ஒரு ரப்பர் வளையத்தோடு, ஓர் ஓ-ரிங்கோடு, முடிந்திருக்கும்.

மின்சாரப் பக்கம்

ஸ்கேன் கருவியில் கிடைத்த பழுதுக் குறியீடு, உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் காரின் உடலுக்கும் இடையே மின்காப்பு குறைந்துவிட்டதைச் சொன்னது. மின்காரின் பேட்டரிச் சுற்று, நேர்முனையும் எதிர்முனையும் ஆகிய இரண்டுமே காரின் உலோக உடலோடு தொடர்பில்லாமல் மிதக்கும்படி அமைக்கப்பட்டது. 12 வோல்ட் அமைப்பில் எதிர்முனை உடலோடு இணைந்திருப்பதைப் போல இங்கே கிடையாது. இரு முனைகளில் ஏதேனும் ஒன்று உடலைத் தொடும் அளவுக்குக் காப்பு பலவீனப்பட்டால், அடுத்த பழுது ஆளைத் தாக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், கார் இந்தக் காப்பைத் தானே தொடர்ந்து அளந்துகொண்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் 100ஆம் எண் வாகன ஒழுங்குவிதியும், அதை ஒட்டிய இந்தியாவின் ஏஐஎஸ்-038 தரமும், நேர்மின்சாரச் சுற்றுக்கு ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், மாறுமின்சாரப் பகுதியும் சேர்ந்த சுற்றுக்கு ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் என்று குறைந்தபட்ச எல்லையை வகுத்துள்ளன. இந்தக் காரின் பேட்டரி சுமார் 320 வோல்ட். அப்படியானால் 500 ஓம் கணக்கில் எல்லை 1.6 லட்சம் ஓம், அதாவது 0.16 மெகாஓம். நல்ல நிலையில் உள்ள கார் இந்த எல்லைக்குப் பலமடங்கு மேலே நிற்கும்.

எச்சரிக்கை ஏசியைப் போட்டால் மட்டுமே வந்தது என்பது முக்கியமான தடயம். கம்ப்ரசருக்குள் மோட்டாரும், பேட்டரியின் நேர்மின்சாரத்தை மூன்று கட்ட மாறுமின்சாரமாக மாற்றும் இன்வர்ட்டரும் ஒரே அலுமினிய உறைக்குள் இருக்கின்றன. இன்வர்ட்டரின் சுவிட்சுகள் அணைந்திருக்கும் வரை, மோட்டார்ச் சுருளில் உள்ள கசிவு மின்காப்புக் கண்காணிப்பானின் பார்வைக்கு முழுமையாக வராமல் போகலாம். சுவிட்சுகள் இயங்கத் தொடங்கியதும் சுருள் பேட்டரிச் சுற்றோடு நேரடியாகச் சேர்கிறது. கசிவும் உடனே தெரிகிறது. ஏசி போடாதபோது நலமாகவும் போட்டதும் பழுதாகவும் கார் நடந்துகொண்டால், இன்வர்ட்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுருளிலோ சுருள் நனைந்திருக்கும் எண்ணெயிலோ தேட வேண்டும்.

சோதனைக்கு முன் 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, இன்வர்ட்டர்களில் உள்ள மின்தேக்கிகள் வடியும்வரை தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்து, வோல்ட் இல்லை என்பதை மீட்டரில் உறுதிசெய்துகொண்டோம். கையுறை 1000 வோல்ட்டுக்கான ரப்பர் வகை. மாட்டுவதற்கு முன் அதில் காற்றை அடைத்துச் சுருட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிளைக் கம்ப்ரசரிலிருந்து கழற்றிவிட்டு, மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் மற்ற பகுதிகளை அளந்தபோது, ஹீட்டர், காரிலேயே உள்ள சார்ஜர், இணைப்புப் பெட்டி எல்லாம் சேர்ந்து 50 மெகாஓமுக்கு மேல் காட்டின. பிறகு கம்ப்ரசரின் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து உறைக்கு எதிராக அளந்தோம்: 0.12 மெகாஓம்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கம்ப்ரசருக்கு மரண ஓலை எழுதிவிடுவது எளிது. நீண்ட நேரம் நின்றிருந்த காரில் திரவ கேஸ் மெல்ல நகர்ந்து கம்ப்ரசருக்குள் தேங்கும். அப்படித் தேங்கிய திரவத்தில் சுருள் மூழ்கியிருந்தால், சரியான எண்ணெய் உள்ள நல்ல கம்ப்ரசர்கூடக் குறைந்த அளவைக் காட்டக்கூடும். ஆகையால் கேஸ் முழுவதையும் மீட்டு எடுத்து, கம்ப்ரசரை மிதமாகச் சூடாக்கி, மறுபடி அளந்தோம். 0.15 மெகாஓம். ஏறியது அவ்வளவுதான். தேங்கிய திரவம் காரணமில்லை என்பது இதனால் உறுதியானது.

கேஸ் பக்கம்

கேஸை மீட்பதற்கு முன் எடுத்த அளவீடுகளையும் சொல்ல வேண்டும். பணிமனையில் வெப்பம் 34 டிகிரி. கார் இரவு முழுவதும் நின்றிருந்ததால் எல்லாப் பாகங்களும் அதே வெப்பத்தில் இருந்தன. இந்தக் காரின் ஏசிக்கு உரிய ஆர்-134ஏ என்ற கேஸுக்கு அந்த வெப்பநிலையில் இருக்க வேண்டிய நிலையான அழுத்தம் சுமார் 110 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). கேஜ் 118 காட்டியது.

பார்ப்பவருக்கு இது நல்ல செய்தி போலத் தெரியும். இரண்டு விதத்தில் அது தவறு. அமைப்புக்குள் ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கும் வரை அழுத்தத்தை நிர்ணயிப்பது வெப்பநிலையே தவிர கேஸின் அளவு அல்ல. சமையல் எரிவாயு சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசியே இருந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான். அதனால்தான் அதைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடுகிறோம். 200 கிராம் உள்ள காரும் 600 கிராம் உள்ள காரும் நிற்கும்போது ஒரே எண்ணைத்தான் காட்டும். இரண்டாவதாக, இருக்க வேண்டியதைவிட 8 பிஎஸ்ஐ கூடுதல் என்பது, குளிர்ந்து திரவமாகாத வேறொன்று உள்ளே இருப்பதைக் குறிக்கும். கேஸை இனங்காணும் கருவியைப் பொருத்தினோம். கேஸ் ஆர்-134ஏதான், கூடவே காற்று. கேன் குழாயை மாட்டும்போது அதிலிருந்த காற்றை வெளியேற்றாமல் திறந்திருக்கிறார்கள். அந்தக் காற்றோடு ஈரமும் போயிருக்கும்.

இனங்காணும் கருவி ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. சந்தையில் ஆர்-134ஏ என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே ஆர்-134ஏ அல்ல. மெத்தில் குளோரைடு எனப்படும் ஆர்-40 கலந்த போலிக் கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கும். 2011இல் வியட்நாமில் பராமரிக்கப்பட்ட குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் இந்தக் காரணத்தால் வெடித்து உயிர்கள் போயின. தெரியாத கேஸை நம் மீட்பு இயந்திரத்துக்குள் இழுப்பதற்கு முன் அது என்ன என்று பார்த்துவிடுவது நமக்கே பாதுகாப்பு.

பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த லேபிளின்படி காருக்கு வேண்டியது 650 கிராம். மீட்டுக் கிடைத்தது 430. சில வாரங்களுக்கு முன்தான் ஏற்றப்பட்ட அமைப்பில் இவ்வளவு குறைவு என்றால், கசிவைத் தேடாமலே ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். புற ஊதா விளக்கை அடித்ததும் கண்டென்சரின் வெளியேறும் குழாய் இணைப்பில் கசிந்திருந்த சாயம் பச்சையாக ஒளிர்ந்தது. பம்பர் வேலையின்போது பழைய ஓ-ரிங்கையே மறுபடி போட்டிருந்தார்கள். அது ஒரு பக்கம் நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. கசிவை எங்களுக்குக் காட்டிக்கொடுத்த அந்தச் சாயம் காரோடு வந்ததல்ல. தெருமுனைக் கடையின் கேனிலிருந்து, தவறான எண்ணெயில் கலந்து உள்ளே போனது.

கேனில் இருந்தது என்ன

அந்தக் கடைக்கு உரிமையாளரோடு போனோம். மெக்கானிக் எதையும் மறைக்கவில்லை. அதே வகைக் கேனை எடுத்துக் காட்டினார். ஆர்-134ஏ, பிஏஜி 46 எண்ணெய், புற ஊதாச் சாயம் என்று மேலேயே அச்சிட்டிருந்தது. பிஏஜி என்பது பெல்ட் கம்ப்ரசர்களுக்கு வழக்கமாக ஊற்றும் எண்ணெய் வகை. பெட்ரோல், டீசல் கார்களுக்கு அந்தக் கேன் பொருத்தமானதுதான். பெல்ட் கம்ப்ரசருக்குள் உயர் மின்னழுத்தம் போவதில்லை. அதன் கிளட்ச் சுருள்கூட வெளியேதான் இருக்கிறது. எண்ணெய் அங்கே உராய்வைத் தடுத்தால் போதும். இவ்வளவு காலம் அவர் செய்துவந்த வேலையில் இந்தக் கேனால் ஒரு கார்கூட நின்றிருக்காது என்பதால், அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்காருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று கேனில் கொட்டை எழுத்தில் அச்சிடாத விற்பனையாளருக்கு அந்தச் சலுகையைத் தர முடியாது.

மின் கம்ப்ரசரில் எவாப்பரேட்டரிலிருந்து திரும்பும் குளிர்ந்த கேஸ், எண்ணெய்த் துளிகளைச் சுமந்துகொண்டு, மோட்டார்ச் சுருளின் ஊடாகவே பாய்ந்து அதைக் குளிர்விக்கிறது. சுருள்கள், அவற்றின் முனைகள், உறையைத் துளைத்துவரும் மின்முனைகள் யாவும் எந்நேரமும் எண்ணெயில் நனைந்தே இருக்கின்றன. ஆகவே எண்ணெயே மின்காப்பின் ஒரு பகுதி. மின்னைக் கடத்தாத தன்மையில் தேர்ந்த பிஓஇ வகை எண்ணெயை இதற்காகத்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். வழக்கமான பிஏஜி எண்ணெய் மின்தடையில் அதைவிடத் தாழ்ந்தது. ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும், உறிஞ்சிய பின் இன்னும் தாழும். ஒரு விழுக்காடு அளவுக்கு பிஏஜி கலந்தாலே பத்து மெகாஓமுக்கு மேல் இருந்த காப்பு ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்துவிடலாம் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் எச்சரிக்கை. இங்கே ஏற்றப்பட்ட கேன்களின் கணக்கில் பார்த்தால், உள்ளே போன பிஏஜி ஒரு விழுக்காட்டைப் பலமடங்கு தாண்டியிருக்கும். மூன்று வாரம் கார் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், எண்ணெய் சுற்றெங்கும் பரவிக் கலந்து, கூடவே போன ஈரத்தையும் வாங்கிக்கொள்ள அவ்வளவு நாள் ஆனது என்பதாகவே கொள்கிறேன்.

மின்கார் என்றாலே பிஓஇ என்று மனப்பாடம் செய்துகொள்வதும் போதாது. பிஓஇயிலேயே வகைகள் உண்டு. லேபிளிலும் சர்வீஸ் கையேட்டிலும் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த எண்ணெய், அதுவும் சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. பிஓஇ ஈரத்தை இழுத்தால் அதோடு வினைபுரிந்து அமிலமாகச் சிதையும் என்பதால், பாதி பயன்படுத்தி மூடிவைத்த டப்பாவை அடுத்த காருக்கு எடுக்கும் சிக்கனம் ஆபத்தானது.

தவறான எண்ணெய் கேனிலிருந்து மட்டுமே வரும் என்பதும் இல்லை. எல்லாக் கார்களுக்கும் பயன்படும் மீட்பு–நிரப்பு இயந்திரத்தின் குழாய்களில் முந்தைய பெட்ரோல் காரின் பிஏஜி ஒட்டியிருக்கும். அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு தன் ஜே2788 தரத்தில், ஹைபிரிட் கார்களைக் கருதி, இயந்திரம் கேஸோடு தவறுதலாகச் செலுத்தும் பழைய எண்ணெய் நிரப்பும் எடையில் 0.1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 650 கிராம் காருக்கு அது முக்கால் கிராமுக்கும் குறைவு. குழாய்களைத் திரவ கேஸால் கழுவும் வசதி இயந்திரத்தில் இல்லையென்றால், மின்கார்களுக்குத் தனி இயந்திரம் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எதை மாற்றுவது, எதைக் கழுவுவது

உரிமையாளரோடு நீண்ட பேச்சு நடந்தது இதைப் பற்றித்தான். கம்ப்ரசரில் உள்ள எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமே என்பது அவர் விருப்பம். அதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியது: மின் கம்ப்ரசரின் விலை, பெல்ட் கம்ப்ரசரைவிடப் பல மடங்கு. ஆனால் ஏசி எண்ணெய் கம்ப்ரசரில் மட்டும் இருப்பதில்லை. கண்டென்சர், எவாப்பரேட்டர், சில்லர், குழாய்கள் எல்லாவற்றின் உட்சுவரிலும் படிந்திருக்கும். கம்ப்ரசரிலிருந்து வடித்தது மொத்தத்தில் ஒரு பங்குதான். மீதி முதல் ஓட்டத்திலேயே திரும்பி வந்து சேரும். சுருளின் இடுக்குகளுக்குள் ஊறிய எண்ணெயையோ வடித்து எடுக்கவே முடியாது. எண்ணெய் மாற்றிச் சில மாதம் ஓடிப் பிறகு நெடுஞ்சாலையில் நின்றால், அந்தச் செலவும் நம்பிக்கையும் இரண்டுமே போய்விடும். வாரண்டி கேட்டுப் பார்த்தார். வெளியே கேஸ் நிரப்பியதைக் காட்டி மறுத்துவிட்டார்கள், அது எதிர்பார்த்ததே.

தயாரிப்பாளர்களின் கண்டிப்பான வழி, கேஸ் சுற்றிவரும் எல்லாப் பாகங்களையும் மாற்றுவது. நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. கம்ப்ரசர், ஈரம் உறிஞ்சும் டிரையரோடு ஒன்றாக வரும் கண்டென்சர், இரண்டு எக்ஸ்பான்ஷன் வால்வுகள், எல்லா ஓ-ரிங்குகள் ஆகியவற்றை மாற்றினோம். கண்டென்சரின் நுண்குழல்களில் சிக்கிய எண்ணெயைக் கழுவி வெளியேற்ற முடியாது என்பதால் அதில் தயக்கமே இல்லை. எவாப்பரேட்டரை எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும். அதையும் சில்லரையும் நீண்ட குழாய்களையும் அவற்றின் இடத்திலேயே வைத்து, வால்வுகளைக் கழற்றிய நிலையில், திரவ ஆர்-134ஏயை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கழுவினோம். வெளியே வரும் திரவத்தைப் புற ஊதா விளக்கில் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒளிர்வு முற்றிலும் மறையும்வரை நிறுத்தவில்லை. தவறான எண்ணெயும் சாயமும் சேர்ந்தே போயிருந்ததால், சாயம் இங்கே எண்ணெயின் அடையாளமாகப் பயன்பட்டது. கடையில் கிடைக்கும் கரைப்பான் திரவங்களைப் பயன்படுத்தவில்லை. அவற்றின் மிச்சம் சுருளின் பூச்சை என்ன செய்யும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நிரப்பிய முறை

புதிய கம்ப்ரசரைப் பொருத்துவதற்கு முன்பே மெக்கரில் அளந்து குறித்துக்கொண்டோம்: 100 மெகாஓமுக்கு மேல். பிறகு உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கசிவு இல்லை என்று பார்த்தோம். இந்தச் சோதனைக்கு டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அந்தக் காற்றில் ஈரமும் அதன் பம்பின் எண்ணெயும் இருக்கும், அதாவது நாம் இத்தனை பாடுபட்டு வெளியேற்றிய இரண்டும் அதன் வழியாகவே திரும்பி வரும்.

வேக்யூம் எடுப்பதில், அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதில், மின்காருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கார் அணைந்திருக்கும்போது சில்லரின் மின்வால்வு மூடிய நிலையில் நிற்கும். அப்படியே பம்பைப் போட்டால் எவாப்பரேட்டர் கிளை மட்டும் நன்றாகக் காலியாகி, சில்லர் பக்கம் காற்றும் ஈரமும் அடைபட்டு நிற்கக்கூடும். கேஜில் எண் அழகாக இறங்கும். வேலை பாதிதான் முடிந்திருக்கும். ஸ்கேன் கருவியில் வேக்யூம்–நிரப்புதல் என்று தனி நிலை இருக்கிறது; அதைத் தேர்ந்தால் எல்லா வால்வுகளும் திறந்து நிற்கும். ஏசி அமைப்பைக் கொண்டே காரைச் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப் உள்ள கார்களில் இத்தகைய வால்வுகள் இன்னும் அதிகம் என்பதால் அங்கே இதைத் தவறவிட்டால் விளைவு மோசமாகும்.

பம்பை 500 மைக்ரானுக்கு (வேக்யூமில் மிஞ்சும் அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கும்வரை ஓட்டி, வால்வை மூடி, அளவு ஏறுகிறதா என்று காத்திருந்தோம். முதல் முறை மெல்ல ஏறி ஓர் அளவில் நின்றது. கசிவாக இருந்தால் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். ஓர் இடத்தில் நின்றால் உள்ளே ஈரம் ஆவியாகிறது என்று பொருள். நைட்ரஜனால் வேக்யூமை உடைத்து மறுபடி எடுத்தபோது அளவு அசையவில்லை. புதிய டிரையரை, பாகங்கள் எல்லாவற்றுக்கும் கடைசியாக, வேக்யூம் எடுப்பதற்குச் சற்று முன்பே மூடி திறந்து பொருத்த வேண்டும்.

எண்ணெயில் பலர் தடுக்கி விழும் ஒரு கணக்கு இருக்கிறது. புதிய கம்ப்ரசர், முழு அமைப்புக்கும் வேண்டிய எண்ணெயோடுதான் பெரும்பாலும் வருகிறது. கழுவப்படாத அமைப்பில் அதை அப்படியே பொருத்தினால் எண்ணெய் மிகுந்துவிடும். இங்கே பாகங்கள் மாற்றப்பட்டும் கழுவப்பட்டும் உலர்ந்திருந்ததால் கூட்டவும் குறைக்கவும் தேவையில்லாமல் போயிற்று.

கேஸை எடை போட்டுத் திரவமாக ஏற்றினோம்: 650 கிராம், இயந்திரக் குழாய்களில் தங்குவதற்கான சிறு கூடுதலோடு. அழுத்தம் பார்த்து ஏற்றும் பழைய முறை மின்காரில் ஏன் தோற்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். பெல்ட் கம்ப்ரசரில் இன்ஜினைக் குறிப்பிட்ட வேகத்தில் நிறுத்திவைத்து, தாழ்வழுத்தம் இவ்வளவு, உயர்வழுத்தம் இவ்வளவு என்று பார்த்து மதிப்பிடலாம். மின் கம்ப்ரசர் தன் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. கேஸ் குறைந்தால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும், கூடினால் குறைத்துக்கொள்ளும். கேஜில் தெரிவது கேஸின் அளவா, கம்ப்ரசரின் முயற்சியா என்று பிரித்தறிய முடியாது. நம்பத் தகுந்தது தராசு ஒன்றே.

அதன் பிறகு

முதல் ஓட்டம் சில நிமிடம் குறைந்த வேகத்தில், எண்ணெய் சுற்றி வருவதற்காக. சிவப்பு எச்சரிக்கை வரவில்லை. வெளியே 37 டிகிரி இருந்த பிற்பகலில் நடுத் துவாரத்தில் 8 டிகிரி வந்தது. காரை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பின், முறைப்படி மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி அளந்தபோது கம்ப்ரசரின் காப்பு 40 மெகாஓம். பொருத்துவதற்கு முன் இருந்த எண்ணைவிட இது குறைவுதான். எண்ணெயும் கேஸும் சேர்ந்த சூடான சுருளில் அப்படிக் குறைவது இயல்பு. பின்னாளில் ஒப்பிடுவதற்காக, அளவோடு வெப்பநிலையையும் சேர்த்து வேலை அட்டையில் எழுதினோம். ஒப்பீட்டுக்கு முந்தைய எண் இல்லாத மெக்கர் அளவு பாதிப் பயன்தான் தரும்.

வேகச் சார்ஜரிலும் வைத்துப் பார்த்தோம். ஸ்கேன் கருவியில் பேட்டரியின் வெப்பம் முதலில் ஏறி, சில்லர் வால்வு திறந்ததும் நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. சார்ஜர் திரையில் கிலோவாட் எண் 80 விழுக்காடு வரை பெரிதாகச் சரியவில்லை.

மீட்ட பழைய கேஸில் காற்றும் பிஏஜியும் இருந்ததால் அதைத் தனிச் சிலிண்டரில் அடைத்து, மறுபயன்பாட்டுக்கு ஆகாது என்று எழுதி ஒதுக்கினோம். வெளியே திறந்துவிட்டுவிடலாமே என்று ஓர் இளம் மெக்கானிக் கேட்டார். ஒரு கிலோ ஆர்-134ஏ நூறு ஆண்டுக் கணக்கில் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஆக அந்த 430 கிராமே அறுநூறு கிலோவுக்கு மேல்.

எவாப்பரேட்டரையும் சில்லரையும் மாற்றாமல் கழுவி மட்டுமே விட்டிருப்பதால் பிஏஜியின் சுவடு எங்காவது ஒட்டியிருக்க வாய்ப்பு இருக்கிறது. அதை உரிமையாளரிடம் எழுத்தில் கொடுத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தார். கேஸை மீட்டு எடைபோட்டதில் 645 கிராம். இது இயந்திரத்தின் பிழை வரம்புக்குள் அடங்குகிறது. காப்பு 38 மெகாஓம், ஏறக்குறைய அதே வெப்பநிலையில்.  அடுத்த அளவீட்டைக் கோடைக்கு முன், மார்ச்சில் வைத்திருக்கிறோம்.